அசல் ஒன்றுதான்

அத்தியாயம் 14

போன வாரம் கட்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸை விட்டு நாம் வரும்போது, தேஜஸ்வினி பீரோ முன்னால் உட்கார்ந்து தன் ஃபைலை மூன்றாவது தடவையாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் இருந்தது. போட்டோக்கள் இருந்தன. லீவிங் சர்டிபிகேட் மட்டும் இல்லை.

அது காணாமல் போகவில்லை. அவளுடைய அப்பா சுப்பையா அன்று அரை நாள் லீவு போட்டு, அதை ஹடப்சரில் உள்ள ஒரு கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்து, மகளுக்கு பி.காம். அட்மிஷனும் போட்டு, ரசீதைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீடு வந்து, எதுவும் நடக்காதது போல மூன்று தோசை சாப்பிட்டிருந்தார்.

மகாராஷ்டிரத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்த ஒற்றைத் தாளின் மகிமை தெரியும். நகல் நூறு எடுக்கலாம், அசல் ஒன்றுதான். எந்தக் கல்லூரியின் அலமாரிக்குள் அது போகிறதோ, பிள்ளையும் அங்கேதான் போக வேண்டும். வேறு இடத்தில் சேர வேண்டுமானால், முதலில் சேர்ந்ததை ரத்து செய்து அதை மீட்டு வர வேண்டும்.

தேஜுவின் அம்மா கிரிஜாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பதினாறு வருஷமாக ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளுக்கு லீவிங் சர்டிபிகேட் எழுதிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தன் பிள்ளையின் சர்டிபிகேட் தன் பீரோவிலிருந்தே போனதைத்தான் அவள் கவனிக்கவில்லை. ராத்திரி சுப்பையா வாயால் கேட்டுத்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் விஷயம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. டெக்கான் ஜிம்கானா பக்கம் இருக்கிற பழைய கல்லூரியில், எகனாமிக்ஸ் முதல் பட்டியலில் தேஜுவின் பெயர் வந்திருந்தது. அசல் சர்டிபிகேட்டோடு போய்ச் சேர அன்று சாயங்காலம் நான்கு மணிதான் கெடு.

சுப்பையா காலை ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மணி ஆறே கால். மழை ஒரே சீராகப் பெய்தது.

"அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள் கிரிஜா, டப்பாவை மூடியபடி.

"கேட்டா என்ன சொல்லுவா? அந்தப் பழைய காலேஜ்தான் வேணும்பா. தெரிஞ்சத எதுக்குக் கேக்கணும்?"

"பிள்ளை ராத்திரி சாப்பிடல."

"காலைல சாப்பிடுவா." அவர் மழைக்கோட்டின் பொத்தானைத் தேடினார். "இங்க பாரு கிரிஜா. அவளுக்கும் லாதான் வேணும். எனக்கும் அதான் வேணும். ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான் போகணுங்கோம். எந்த பஸ்ல ஏறணும்னு மட்டும் நான் சொல்லுதேன்."

"மூணு வருசம் அந்த பஸ்லதான உக்காந்திருக்கணும் அவ?"

"மூணு வருசமெல்லாம் ஒரு காலமா? நம்ம கேஸ் ஒம்பது வருசம் போகலையா?"

ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். கிரிஜாவுக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். கோபத்துக்குத் தெம்பு வேண்டும். அவளிடம் இருந்ததெல்லாம் அலுப்பு.

அந்தக் கேஸ்தான் எல்லாவற்றுக்கும் மூலம். வாகட்டில் பில்டர் பாதியில் விட்ட ஒரு ஃப்ளாட். சுற்றிலும் கம்ப்யூட்டர்காரர்களுக்கு மாடி மேல் மாடியாக எழும்பிவிட்டது. இவர்களுடையது மட்டும் தூணும் கம்பியுமாக நிற்கிறது. சிவாஜிநகர் கோர்ட்டுக்கு ஒன்பது வருஷம், மூன்று வக்கீல்கள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அந்த வராந்தாவில் நின்ற எட்டு வயது தேஜு, அங்கேயே முடிவு செய்துவிட்டாள், தான் வக்கீலாவது என்று. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு நேராகச் சேர்கிற ஐந்து வருஷ லா மூன்று மார்க்கில் கை நழுவிவிட்டது. மிச்சம் ஒரு வழிதான். முதலில் ஒரு டிகிரி, அப்புறம் மூன்று வருஷ லா. அதற்கு டிகிரியில் வாங்கிய சதவீதத்தை வைத்துத்தான் இடம்.

இங்கேதான் சுப்பையாவின் நீல நோட்டு வருகிறது. போன ஆகஸ்டிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, லா காலேஜ் வராந்தாவில் ஒட்டிய எண்பது பேர் பட்டியலை, நாலு நாள் ஷிப்ட் முடிந்து போய் நின்று, பெயர் பெயராக எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெயருக்கு நேரே முன்பு படித்த கல்லூரியும் போட்டிருந்தது. ஹடப்சர் காலேஜிலிருந்து பதினோரு பேர். பழைய காலேஜிலிருந்து மூன்றே பேர்.

"பழைய காலேஜ்ல எகனாமிக்ஸ்ல அறுபது வாங்க தலைகீழா நிக்கணும். ஹடப்சர்ல படுத்துக்கிட்டே எழுபது வாங்கலாம்" என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்த நோட்டை அவர் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் கிரிஜா குளியலறைக்குப் போனாள். துவைக்கப் போட்ட சட்டையின் பையில் ரசீது இருந்தது. நல்லவேளை, நனைத்திருக்கவில்லை.

"ஏட்டி, எந்திரி. குளி."

தேஜு போர்வைக்குள்ளிருந்து, "எதுக்கு?" என்றாள்.

"ஹடப்சர் போறோம். கேன்சல் பண்ணி வாங்கிட்டு வந்துருவோம்."

போர்வை விலகியது. "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்போது தெரியட்டும்."

ஆபீஸுக்குப் போன் செய்து லீவு சொன்னாள். இந்த வருஷம் இது எட்டாவது லீவு. அதில் தனக்கென்று எடுத்தது ஒன்றுகூட இல்லை.

கட்கியிலிருந்து ஹடப்சர் போவதென்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி. ஸ்டேஷனில் பஸ் மாற வேண்டும். ஜன்னல் கண்ணாடி மூடாது. மழை உள்ளே வந்து கிரிஜாவின் இடது தோள் முழுக்க நனைந்தது. தேஜு பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லவா? அந்த நோட்புக்ல பதினோரு பேர் இருக்காங்க இல்லியா? அவங்கள்ல ஒருத்தரையாவது அப்பா மீட் பண்ணாரா?"

"எங்கட்டி மீட் பண்ண? பேரைப் பாத்து எழுதிட்டு வந்தாக, அவ்வளவுதான்."

"அதான். அப்பாவுக்கு எல்லாரும் பர்சன்டேஜ். நானும் பர்சன்டேஜ்." அவளுக்குத் தமிழில் நீளமாகச் சண்டை போட வராது. பாதியில் சொல் தீர்ந்துவிடும். "போதும். அவ்ளோதான்."

கிரிஜாவுக்கு அந்தப் பதினோரு பேரும் முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். என்ன உறுத்தல் என்று பிடிபடவில்லை. ஸ்டேஷனில் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது மும்தாஜ் ஞாபகம் வந்தது. ஏரவாடாவிலிருந்து வருகிறவள், முன்பு கிரிஜாவின் ஆபீஸில் பக்கத்து மேஜை, இப்போது லா காலேஜ் ஆபீஸில் விண்ணப்பங்களைப் பதிகிற வேலை. ஆபீஸ்காரிகளுக்குள் ஒரு போன் போதும். கிரிஜா ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னாள். பத்து நிமிஷத்தில் மும்தாஜ் திரும்பக் கூப்பிட்டாள்.

"கிரிஜா, உன் வீட்டுக்காரர் கணக்கு சரிதான். ஹடப்சரிலிருந்து பதினோரு பேர். ஆனால் இடம் கேட்டு விண்ணப்பம் போட்டவங்க எத்தனை பேர் தெரியுமா? தொண்ணூத்திரெண்டு. அந்தக் காலேஜில் எம்.ஏ. கிடையாது, எம்.காம். கிடையாது. டிகிரி முடிச்சா பாதிப் பேர் இங்கேதான் வர்றாங்க."

"பழைய காலேஜ்?"

"நாலு பேர் கேட்டாங்க. மூணு பேருக்குக் கிடைச்சது. மத்தவங்க எல்லாம் வேற எங்கெங்கேயோ போயிடறாங்க, லாவுக்கு யார் வர்றாங்க?"

கிரிஜா போனைக் கைப்பைக்குள் போட்டாள். உறுத்தல் இப்போது பிடிபட்டது. வந்தவர்களை எண்ணியிருக்கிறார் மனுஷன். வாசலில் நின்று திரும்பியவர்களை எண்ணவில்லை. இத்தனைக்கும் ஃபாக்டரியில் அவருக்குத் தேறிய பீஸையும் தள்ளிய பீஸையும் எண்ணுகிற இன்ஸ்பெக்ஷன் செக்‌ஷனில்தான் வேலை.

ஹடப்சர் காலேஜில் இரண்டு கவுண்டர், ஒன்று மூடியிருந்தது. வரிசை படி இறங்கி சைக்கிள் ஸ்டாண்ட் வரை போயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். கவுண்டரில் இருந்தவர் அறுபதை நெருங்கிய மராத்திக்காரர். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தது. ரசீதைப் பார்த்தார், ஒரு ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"நேத்து சேர்ந்து இன்னிக்குக் கேன்சலா? சரி. நிரப்பிக் கொடுங்க. லாஸ்டில் பாலகாச்சி சஹி."

பெற்றோர் கையெழுத்து. கிரிஜா ஓரமாகப் போய்ச் சுவரில் வைத்து நிரப்பினாள். கடைசிக் கோட்டில், யோசிக்காமல், சுப்பையாவின் கையெழுத்தைப் போட்டாள். போட்டு முடித்து, அடியில் வழக்கம்போல ஒரு சுழியையும் இழுத்துவிட்டாள்.

கவுண்டர்காரர் நேற்றைய அட்மிஷன் ஃபாரத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். ஒன்றை மாற்றி ஒன்று பார்த்தார்.

"மேடம், இந்தக் கையெழுத்து யாரோடது?"

"என் வீட்டுக்காரரோடது."

"எப்போ போட்டார்?"

"காலையில."

"ஃபாரத்தை நான் உங்க கையில் கொடுத்து கால் மணி நேரம்கூட ஆகலையே."

கிரிஜாவுக்கு முகம் எரிந்தது. இதே கேள்வியை, இதே குரலில், அவள் எத்தனையோ பெற்றோரிடம் கேட்டிருக்கிறாள். பிடிபட்டவர்கள் எப்படி விழிப்பார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். இப்போது அப்படித்தான் விழித்தாள்.

"சேர்த்தவர்தான் கேன்சல் பண்ணணும். அவரே வரணும்" என்றார் அவர், குரலை இறக்கி. நல்ல மனிதர். "லஞ்ச் முடிஞ்சு ரெண்டு மணிக்குத் திறப்பேன். கூட்டிட்டு வாங்க, உடனே கொடுத்துடறேன்."

ஃபாக்டரிக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். செக்‌ஷன் லேண்ட்லைனுக்குத்தான் போட்டாள். ஜம்பு எடுத்தார், சுப்பையாவுக்கு இருபது வருஷ சிநேகிதர்.

"ஜம்பு அண்ணே, கிரிஜா பேசுதேன்."

"என்ன தங்கச்சி? யாருக்கும் ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. அவுகளை ஹடப்சர் காலேஜுக்கு உடனே வரச் சொல்லுங்க. தேஜு சர்டிபிகேட் விஷயம்."

"கேட் பாஸ் போட்டு அனுப்புதேன். வச்சிரு."

கேன்டீனில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. தேஜு இரண்டு வடாபாவ் வாங்கி வந்து வைத்தாள். தின்னவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கூல் டயரி, ப்ராக்ரஸ் கார்டு எல்லாம் நீதான் ஸைன் பண்ணியா?"

"ஆமா."

"எல்லாமுமா? அப்பா ஒண்ணுகூடப் போடலியா?"

கிரிஜா தண்ணீர் குடித்தாள். பொய் சொல்லித் தப்பிக்கக்கூடத் தெம்பில்லை. "நீ ஒண்ணாங் கிளாஸ் படிக்கும்போது அவுகளுக்கு நைட் ஷிப்ட். நீ காலைல கார்டைத் திருப்பிக் கொடுக்கணும். அவுக அப்பதான் வந்து படுத்தாக. எழுப்ப மனசு வரல. நானே போட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அப்படியே பழகிட்டு."

முதல் தடவை பாவம் பார்த்து. அடுத்த தடவை அவசரத்தில். அதற்கப்புறம், எழுப்பிக் கேட்டால் பத்து கேள்வி கேட்பாரே என்கிற சோம்பலில். ஒன்றாம் வகுப்பிலிருந்து, இரண்டு வாரத்துக்கு முன் பழைய காலேஜுக்கு அனுப்பிய விண்ணப்பம் வரை. ஹடப்சர் ஃபாரத்தை மட்டும் அவரே வாங்கி வந்தார், "சும்மா ஒண்ணு போட்டு வைப்போம்" என்று. அதனால் அதில் மட்டும் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சுப்பையா வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஓடி வந்தார். மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்திருந்தார்.

"என்னாச்சு? சர்டிபிகேட்டைத் தொலைச்சிட்டானா?"

"இல்ல. நாங்க கேன்சல் பண்ண வந்தோம்."

அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கத்துவார் என்று கிரிஜா காத்திருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துவிட்டார்.

"அதுக்கு என்னை எதுக்குளா கூப்பிட்ட? நீங்களே பண்ண வேண்டியதுதான?"

அதற்குள் கவுண்டர் திறந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். மூவரும் போனார்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான், இரண்டு ஃபாரத்தையும் சுப்பையா முன்னால் விரித்து வைத்து மராத்தியில் சொன்னார்:

"உங்க மிஸஸ் நல்லாத்தான் போட்டிருக்காங்க. ஆனா உங்களுது இது இல்லையே. புது ஃபாரம் தர்றேன், நீங்களே போடுங்க."

சுப்பையா குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இது என் பழைய கையெழுத்துல்லா" என்றார் தமிழில். "கல்யாண ரிஜிஸ்டர்ல இப்படித்தான் போட்டேன். அப்புறம் தினம் நூறு இன்ஸ்பெக்ஷன் சீட்டுல போட்டுப் போட்டுத் தேஞ்சு போச்சு." நிமிர்ந்தார். "எத்தன நாளா கிரிஜா?"

"ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து."

"அப்ப ப்ராக்ரஸ் கார்டுல நான்..."

"ஒண்ணுலயும் போடல."

"நீ காட்டவே இல்லையா, இல்ல நான் கேக்கவே இல்லையா?"

"ரெண்டும்தான்" என்றாள் கிரிஜா.

பின்னால் நின்ற பையனின் அப்பா இருமினார். கவுண்டர்காரர் புது ஃபாரத்தை நீட்டினார். சுப்பையா அதை வாங்கிக்கொண்டு ஓரத்துக்கு வந்தார். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"நாலு நாள் மழையில நின்னு எழுதுனேன் அந்த நோட்டை. அவளுக்கு நான் ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன். அதுவும் தப்பா?"

கிரிஜா சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மும்தாஜ் தந்த எண்களைச் சொன்னாள். "தொண்ணூத்திரெண்டு பேர்ல பதினோண்ணு. நாலு பேர்ல மூணு. நீங்க தினம் பாக்குற வேலைதான?"

சுப்பையா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். இன்ஸ்பெக்ஷன்காரருக்கு அதற்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

"நாலு பீஸை வச்சு ஒரு லாட்டைப் பாஸ் பண்ண முடியாது" என்றார் பிடிவாதமாக. "நாலெல்லாம் ஒரு சாம்பிளா?"

"அப்ப பதினோரு பேரை வச்சும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா."

அதுவரை சுவரோரம் நின்ற தேஜு முன்னால் வந்தாள்.

"அப்பா, நம்ம கேஸுக்கு மூணு வக்கீல் மாத்தினீங்க. அவங்கள்ல யார்கிட்டயாவது டிகிரில எவ்ளோ பர்சன்டேஜ்னு கேட்டீங்களா?"

"அதை எதுக்குக் கேக்கப் போறேன்?"

"பின்னே என்ன பாத்தீங்க?"

"நாம சொல்லுதத காது குடுத்துக் கேக்கானா, அதைத்தான் பாத்தேன். முத ரெண்டு பேரும் கேக்கவே மாட்டானுவ. வாயைத் தொறந்ததும்..."

அங்கேயே நின்றுவிட்டார். அதற்கு மேல் தேஜு எதுவும் சேர்த்துச் சொல்லாததற்காக கிரிஜா மனதுக்குள் மகளைக் கும்பிட்டாள்.

"அங்க சேந்து, மார்க் கொறஞ்சு, லா கிடைக்கலேன்னா?" சுப்பையாவின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"கிடைக்கலேன்னா திருப்பி ட்ரை பண்ணுவேன். எனக்குப் பயமா இல்லேன்னு சொல்லலப்பா. பயமாத்தான் இருக்கு. ஆனா அங்கே போய்ப் பயப்படறேன்."

சுப்பையா சுவரில் ஃபாரத்தை வைத்தார். பேனா மழையில் நனைந்திருந்தது. இரண்டு தடவை உதறினார். கையெழுத்துப் போட்டார். தேய்ந்துபோன கையெழுத்து. ஒரு கோடும் ஒரு புள்ளியும்தான்.

சர்டிபிகேட்டைக் கட்டிலிருந்து தேடி எடுக்க இன்னும் அரை மணி ஆனது. கைக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பது. கிரிஜா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையை இன்னொரு உறையில் போட்டு, தேஜுவின் பைக்குள் வைத்தாள்.

"ஸ்கூட்டர்ல நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் பஸ்ல வாரேன்."

"நீ தனியாவா?" என்றார் சுப்பையா.

"நான் என்னிக்குத் தனியா வரல? கிளம்புங்க."

ஸ்கூட்டர் மூன்று உதையில் கிளம்பியது. தேஜு அப்பாவின் மழைக்கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சோலாப்பூர் ரோட்டில் கலந்து மறைகிற வரை கிரிஜா நின்று பார்த்தாள். அப்புறம்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதது ஞாபகம் வந்தது. வடாபாவ் கேன்டீன் பெஞ்சிலேயே கிடந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததை அன்றைய ஒரே அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும். ஃபாத்திமாநகரில் நின்றது. மறுபடி நகர்ந்தது, மறுபடி நின்றது. கிரிஜா கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். சேர்ந்தாயிற்று என்று ஒரு போன் வந்தால் போதும். வீட்டுக்குப் போய்க் குழம்புகூட வைக்க வேண்டாம்; மூன்று பேரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடலாம்.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. தேஜுவின் நம்பர், பேசியது சுப்பையா.

"சேந்தாச்சா?"

"இன்னும் இல்ல." மூச்சு வாங்கினார். "கியூ முடிஞ்சு கவுண்டர்லதான் நிக்கோம். எல்லாம் சரியாத்தான் இருந்தது. நான் கையெழுத்தும் போட்டேன். இங்க உள்ள அம்மா ஒத்துக்க மாட்டேங்கா."

"ஏன்?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தி அனுப்புன விண்ணப்பத்தை எடுத்து வச்சுப் பாக்கா. அதுல உள்ளதும் இதுவும் வேற வேறயாம். அதுதான் அப்பாவோடது, நீங்க யாருன்னு கேக்கா."

கிரிஜா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐடி கார்டைக் காட்டுங்க."

"அதையும் லைசென்ஸையும் ஃபாக்டரி கேட்ல ஒண்ணா வாங்கி வச்சுட்டு பாஸ் குடுத்தான். ஓடி வந்த அவசரத்துல திருப்பி வாங்கல." பின்னால் யாரோ மராத்தியில் சத்தம் போடுவது கேட்டது. "பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு. இன்னொரு ஃபாரம் குடுத்திருக்கா, சரியாப் போட்டுக் குடுங்கன்னு. கிரிஜா, எனக்கு அந்தப் பழையது மறந்துட்டு. என் கையெழுத்த எப்படிப் போடணும்னு நீ சொல்லு. நான் அப்படியே போடுதேன்."

பதில் சொல்வதற்குள் இடையில் தேஜுவின் குரல் கேட்டது. "வேண்டாம்ப்பா. உங்களுது எதுவோ அதையே போடுங்க. அவங்ககிட்ட நான் பேசறேன். கேட்கலேன்னா போகட்டும்."

"சீட்டு போயிரும்ளா."

"போகட்டும். காப்பி அடிச்சுப் போட்டு நான் லா படிக்கணுமா?"

பிறகு சுப்பையா மறுபடி பேசினார். ஒன்பது வருஷக் கேஸில்கூட அவர் குரல் இப்படி உடைந்து கிரிஜா கேட்டதில்லை.

"கேட்டியா அவ சொல்லுதத? போகட்டுங்கா. பேனாவைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன். நீ சொல்லு கிரிஜா. உன்னைத்தான் கேக்கேன். எதைப் போட?"

பஸ் நகரவில்லை. கிரிஜா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாயைத் திறந்தாள். பன்னிரண்டு வருஷம் யாரும் கேட்காமலே அந்தக் கையெழுத்தைப் போட்டவள். கேட்டு நிற்கிறபோது அவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

(தொடரும்)